மொட்டைச்சியும் மூணு நாள் ஊசியும்

ஒரு ஊர்ல ஒரு மொட்டைச்சி இருந்தா அம்மிணி. தலையில ஒத்த முடி கெடையாது. கழுத்தும் மொட்டை. கழுத்துக்குக் கீழ மட்டும் வெள்ளைத் துண்டைச் சுத்துனாப்ல பொசுபொசுன்னு இருக்கும். கையை விரிச்சான்னா இந்தக் கயித்துக்கட்டில் பத்தாது, அத்தனை நீளம்.

"மனுசியா அத்தை?"

மனுசியா! அவ்வளவு கேவலமாப் போயிட்டாளா அவ? கழுகுடி. பாறுக் கழுகு. நீ படு மொதல்ல. படுத்துட்டுக் கேளு. ராத்திரி பூரா அந்தச் செவலை மாட்டுத் தலைமாட்டுல உக்காந்து அழுதுட்டு, இப்பப் பட்டப்பகல்ல கண்ணு சொக்குது பாரு. மாடு போச்சு. அழுதா வருமா? அத்தை தட்டிக் குடுக்கறேன், நீ 'ம்' கொட்டோணும். சத்தமாத்தான் சொல்லுவேன். வாசப்படியில உக்காந்துட்டு, செத்த மாட்டை இழுக்க டிராக்டர்காரனுக்குப் போன் போட்டுட்டு இருக்கறானே உங்கப்பன், என்ற அருமைத் தம்பி வெள்ளியங்கிரி, அவன் காதுலயும் விழுகட்டும்.

"ம்."

அந்த மொட்டைச்சி ஏன் மொட்டைன்னு கேளு. செத்த மாட்டு வயித்துக்குள்ள தலையை விட்டுத் திங்கறவ அவ. முடி இருந்தா ரத்தம் ஒட்டிக்கிட்டு நாறும் இல்ல? அதனால சாமியே செரைச்சு அனுப்பிருச்சு. அவ ஒரு உசுரையும் கொல்ல மாட்டா. கோழிக்குஞ்சைக் கூடத் தூக்க மாட்டா. செத்தது மட்டுந்தான் அவளுக்குச் சோறு.

நம்ம ஊர்ல மாடு செத்தாப் பொதைக்கற பழக்கம் இல்ல. நெத்தியில மஞ்சள் வெச்சு, ஆத்துக்கு அக்கட்ட வட்டப்பாறையில கொண்டுபோயிப் போட்டுட்டு, திரும்பிப் பாக்காம வந்துருவோம். அப்போ மேல இருந்து ஸ்ஸ்ஸ்ஸுன்னு ஒரு சத்தம் கேக்கும். மொட்டைச்சி எறங்கறா. அவ புருசன் மொட்டையன் எறங்கறான். அவங்க சித்தப்பன், பெரியப்பன், நங்கை, கொழுந்தின்னு நாப்பது அம்பது பேரு எறங்குவாங்க. சரக் சரக், கரக் முரக். அரை மணி நேரந்தான். வெறும் எலும்பு கெடக்கும். நாத்தம் இல்ல, ஈ இல்ல, சீக்கு இல்ல. ஊரையே கூட்டித் தள்ளிட்டு, ஒரு வாய் தண்ணி கூடக் கேக்காமப் போயிருவாங்க.

ஆத்தோரத்துல நீர்மருது மரத்து உச்சியில மொட்டைச்சிக்குக் கூடு. சுள்ளி அடுக்கி, பச்சத் தழை பரப்பி வெச்சிருப்பா. வருசத்துக்கு ஒரே ஒரு முட்டை. கோழி மாதிரி பத்து பன்னண்டு இல்ல அம்மிணி, ஒண்ணே ஒண்ணு. அது போச்சுன்னா அந்த வருசமே போச்சு.

"ம்."

அப்படி இருக்கறப்போ, மொதல்ல ஒருத்தன் வந்தான். அவனோட கன்னுக்குட்டியைச் சிறுத்தை அடிச்சுப்போட்டுது. கோவம் வரத்தான் செய்யும். கன்னுக்குட்டி போனா யாருக்குத்தான் வராது? எனக்கும் வரும். ஆனா அவன் என்ன பண்ணான் தெரியுமா? பாதி தின்னுட்டுப் போட்ட கன்னுக்குட்டி மேல, வாழைக்குப் போடற குருணை மருந்தை அள்ளித் தூவிட்டான். சிறுத்தை திரும்பி வரும், தின்னு சாகட்டும்னு. சிறுத்தை அந்தப் பக்கமே வரல. வேற யாரு வந்தா சொல்லு?

"மொட்டைச்சியா?"

அவ சொந்தக்காரங்க. அவங்களுக்கு என்ன தெரியும், எப்பவும் போல எறங்கித் தின்னாங்க. எந்திரிச்சுப் பறக்கப் பாத்தாங்க. தொப்பு. தொப்பு. தொப்பு. பதினெட்டு விழுந்துச்சு. கூட ஒரு நரி, ரெண்டு காக்கா. மொட்டைச்சி அன்னிக்கு முட்டை மேல உக்காந்திருந்தா, அதனால பொழைச்சா. அந்த ஆளு என்ன சொன்னான்னு கேளு. "கழுகுதானே செத்துச்சு, என்னமோ ஆளு செத்தாப்ல பேசறீங்க"ன்னான். அவன் வாயில அந்தக் குருணையைக் கொட்டோணும்னு எனக்கு இன்னிக்கும் கை பரபரங்குது.

அப்புறம் ரெண்டாவதா ஒருத்தன் வந்தான். கார்ல வந்தான். ஆத்தோரம் ரிசார்ட் கட்டறேன்னு வந்தான். மான் தண்ணி குடிக்கற எடத்துல கம்பி வேலி போட்டான். யானை நடக்கற தடத்துல நீச்சல் குளம் வெட்டுனான். ரூம்ல இருந்து பாத்தா ஆறு தெரியோணுமாம், அதுக்கு மறைக்குதுன்னு நீர்மருது மரத்தையெல்லாம் கர்ர்ர்ர்ருன்னு அறுத்துத் தள்ளுனான். கூடு போன கழுகுக பாதி எங்கயோ பறந்து போயிருச்சுக. மொட்டைச்சி மரத்தை மட்டும் விட்டுட்டான். நல்லவன்னு நெனைச்சுக்காத. கழுகுக் கூடு காட்டறேன்னு சொல்லித்தானே ஆளு கூப்பிடறான்!

அவனுக வந்தானுக. பொழுது விடிஞ்சதுல இருந்து பாட்டுப் பொட்டி டம் டம் டம். பட்டாசு பட்பட்பட். அப்போ ஒருத்தன் பறக்கற கேமராவை மேல ஏத்துனான். வ்ர்ர்ர்ர்ங்ன்னு அது நேராக் கூட்டுக்கே போச்சு. மொட்டைச்சி என்ன பண்ணுவா? பயந்து வெடுக்குன்னு எந்திரிச்சா. முட்டை உருண்டுது. பொட்.

"ஒடைஞ்சு போச்சா?"

ஒடைஞ்சு போச்சு. ஒரு வருசம் ஒடைஞ்சு போச்சு. அந்தப் படத்தைப் போன்ல போட்டானுக. "வாவ், என்ன அழகு"ன்னு ஆயிரம் பேரு லைக் போட்டானுக. முட்டை விழுகறது அந்தப் படத்துலயே இருக்குதாம் அம்மிணி. ஒரு நாயோட கண்ணுக்கும் அது தெரியல. ச்சீ, நாயை ஏன் சொல்லோணும், நாய்க்குக் கண்ணு தெரியும்.

"அக்கா, புள்ளைக்குச் சொல்ற கதையா இது?"

கேட்டியா, வாசல்ல இருந்து உங்கப்பன் கேக்கறான். ஏன்டா, புள்ளைக்குச் சொல்லக்கூடாத கதைன்னா புள்ளை கண்ணு முன்னாடி செய்யவும் கூடாது இல்ல? நான் உனக்காடா சொல்றேன்? என்ற மருமவளுக்குச் சொல்றேன். உனக்குச் சுருக்குன்னு குத்துதுன்னா காதைப் பொத்திக்க. நீ கேளு அம்மிணி, அவன் கெடக்கறான்.

எங்க விட்டேன்? ஆங். முட்டை ஒடைஞ்சுதா. ஆனா மொட்டைச்சி கெட்டிக்காரி. அழுதுட்டு உக்காரல. அடுத்த வருசம் அதே மரத்துல புதுசாச் சுள்ளி அடுக்குனா. ஒரு முட்டை வெச்சா. அவ பாதி நாள், மொட்டையன் பாதி நாள்னு மாறி மாறி அடைகாத்தாங்க. ரெண்டு மாசம் போல ஆச்சு. டிக் டிக்னு ஓட்டைத் தட்டிட்டு ஒரு குஞ்சு வந்துது. சாம்பக் கலர்ல, பஞ்சுப் பொதியாட்டம். 'க்ரீ, க்ரீ'ன்னு கத்தும். எப்பவும் பசி, எப்பவும் பசி, உன்ன மாதிரியே.

"நான் அப்படிக் கத்த மாட்டேன்."

ஆமா, கத்த மாட்ட, ஊட்டைத்தான் ரெண்டாக்குவ. கண்ணை மூடு.

அப்புறம் மூணாவதா ஒருத்தி வந்தா. அவ கெட்டவ இல்ல அம்மிணி. வேட்டைக்காரி இல்ல, மரம் அறுக்கறவ இல்ல. மாடு மேய்க்கறவ. கழுகைப் பாத்தாக் கன்னத்துல போட்டுக்குவா. அவகிட்ட ஒரு மயிலை மாடு இருந்துது. கன்னுல இருந்து வளத்தது. அவ கஞ்சி குடிச்சா அதுக்கு ஒரு கை ஊத்தாமக் குடிக்க மாட்டா. அந்த மயிலை ஒருநாள் பாறையில வழுக்கி விழுந்துது. காலு வீங்கிப் பூசணிக்காயாட்டம் ஆயிருச்சு. 'ம்ம்மா, ம்ம்மா'ன்னு பொழுதினிக்கும் கதறுது. இவளுக்குத் தாங்கல. மாட்டு ஆஸ்பத்திரி டாக்டரம்மா வர ஒரு நாள் ஆகும்னாங்க. ஒரு நாள் பொறுத்திருக்கலாம். பொறுக்கல.

பைக்ல ஒரு ஊசிக்காரன் வருவான். படிப்பு இல்ல, ஒண்ணும் இல்ல, பையில நாலு பாட்டில் வெச்சிருப்பான். அவனைக் கூப்பிட்டா. மொத நாள் ஒரு ஊசி. சுருக். மாடு கதறல் நின்னுச்சு. இவளுக்குச் சந்தோசம். ரெண்டாம் நாள் ஒரு ஊசி. சுருக். மாடு ஒரு வாய் தண்ணி குடிச்சுது. மூணாம் நாள் ஒரு ஊசி. சுருக். அடுத்த நாள் காலையில மாடு எந்திரிக்கல.

"செவலை மாதிரியே..."

ஆமா. அப்படியே செவலை மாதிரி.

அப்போ அவ என்ன பண்ணா? நெத்தி நெறைய மஞ்சள் வெச்சா. கழுத்து மணியை அவுத்து மடியில கட்டிக்கிட்டா. நாலு ஆளைக் கூப்பிட்டு வட்டப்பாறைக்கு இழுத்துட்டுப் போனா. "என்ற தாயிகளா, இவளைப் பத்தரமாக் கொண்டுபோயிச் சேத்துருங்க"ன்னு கும்பிட்டு விழுந்தா. வழக்கமாத் திரும்பிப் பாக்கக் கூடாது. அவ பாத்தா. ஸ்ஸ்ஸ்ஸுன்னு எறங்குச்சுக. மொட்டையன் எறங்குனான். மொட்டைச்சி எறங்குனா. எண்ணிப் பாத்தா பதினொண்ணு. நாப்பது அம்பது இருந்த எடத்துல மிச்சம் பதினொண்ணுதான் இருந்துது. சரக் சரக், கரக் முரக். மொட்டைச்சி வயிறு நெறையத் தின்னுட்டு, கூட்டுக்குப் போயி, குஞ்சு வாயில கக்கி ஊட்டுனா. இவளுக்கு மனசு நெறைஞ்சு போச்சு. நல்லபடியா அனுப்பிட்டோம்னு ஊட்டுக்கு வந்து சோறு தின்னா. நல்லாத் தின்னா பாவி.

"ம்."

ரெண்டு நாள் கழிச்சு மத்த மாட்டை ஓட்டிட்டு ஆத்தோரம் போனா. மரத்துல கழுகுக உக்காந்திருக்குது. ஆனா தலை தொங்குது. தூங்கித் தூங்கி விழுகறாப்ல தொங்குது, எந்திரிக்கப் பாக்குது, மறுபடியும் தொங்குது. அப்புறம் ஒண்ணு கெளையில இருந்து நழுவிக் கீழ வந்துது. தொப்பு. மொட்டையன். அப்புறம் இன்னொண்ணு. நாலு நாள்ல பதினொண்ணும் போச்சு. மொட்டைச்சி கூட்டு ஓரத்துலயே, றெக்கையைக் குஞ்சு மேல போட்டாப்ல கெடந்தா. குஞ்சு ஒரு பகல் கத்துச்சு. 'க்ரீ, க்ரீ'. மரத்துக்கு அடியில நின்னுக்கிட்டு இவ கேக்கறா. ஏறவும் முடியாது, ஏறி என்னத்தைக் குடுக்கறது? பொழுது சாயறதுக்குள்ள அந்தச் சத்தமும் நின்னு போச்சு.

அப்புறம் டாக்டரம்மா வந்தாங்க. ஒரு கழுகை அறுத்துப் பாத்தாங்க. உள்ள ஈரல், இருதயம் எல்லாத்து மேலயும் சுண்ணாம்பு பூசினாப்ல வெள்ளை வெளேர்னு இருந்துது. மாட்டுக்கு என்ன ஊசி போட்டீங்கன்னு கேட்டாங்க. இவ ஓடிப்போயிக் குப்பையில இருந்து பாட்டிலைப் பொறுக்கிட்டு வந்தா. டாக்டரம்மா தலையில கை வெச்சுக்கிட்டாங்க. அது மனுசனுக்குப் போடற வலி ஊசி, மாட்டுக்குப் போடக்கூடாதுன்னு சர்க்காரே தடுத்து வெச்சது. மாட்டுக்கு நோவு தெரியாது, ஆனா அந்த மாடு செத்தா மருந்து கறியில நிக்கும். அதைத் தின்னாக் கழுகுக்குக் கிட்னி போயிரும். ஒரே ஒரு மாடு போதும் அம்மிணி, ஒரு கூட்டமே சுத்தமாப் போயிரும்.

"அந்த அத்தைக்குத் தெரியாதா?"

எந்த அத்தைக்கு?

"ஊசி போடச் சொன்ன அத்தைக்கு."

தெரியாது. சாமி சத்தியமாத் தெரியாது. நான்தான்டி அது. இந்தக் கையாலதான் மஞ்சள் வெச்சேன். குருணை போட்டவன் பதினெட்டைக் கொன்னான், நான் கும்பிட்டுக்கிட்டே மிச்சம் மீதியைக் கொன்னேன். அதுக்கப்புறம் ஆறு வருசம் இந்த ஆத்துல ஒரு பாறு பறக்கல. வட்டப்பாறையில போட்ட மாடு போட்டபடி அழுகுச்சு. ஊரே மூக்கைப் பொத்திக்கிட்டு அலைஞ்சுது. நாய்க்கூட்டம் வந்து திங்க ஆரம்பிச்சுது. தின்னு ருசி கண்ட நாயி உசுரோட இருந்த ஆட்டைக் கடிச்சுது, அப்புறம் பால்காரர் மாரண்ணனோட தொடையைக் கடிச்சுது. அப்பத்தான் இந்த ஊருக்குக் கழுகு ஞாபகம் வந்துது, த்தூ.

இந்தா, நீ எந்திரிக்காத. வாசல்ல என்னமோ நெழல் ஓடுதுன்னுதானே பாக்கற? அவங்கதான். போன வருசம் எங்கிருந்தோ ஒரு சோடி வந்து அதே ஆத்தோரம் கூடு கட்டியிருக்குது. இந்த மாசியில ஒரு குஞ்சு. நான் போயிப் பாத்துட்டு வந்தேன், சாம்பக் கலர், பஞ்சுப் பொதி. செவலை செத்தது அவங்களுக்கு மேல இருந்தே தெரிஞ்சு போச்சு. ஊட்டு வாசல்ல ஆளு இருக்கறதால எறங்காமச் சுத்துதுக. வட்டப்பாறையில போட்டா, கண்ணு மூடித் தொறக்கறதுக்குள்ள எறங்கிரும்.

டேய் வெள்ளியங்கிரி! இனிமே சாடை எல்லாம் இல்ல, நேராவே கேக்கறேன். செவலைக்கு எத்தனை ஊசி?

"மூணு நாளு, மூணு ஊசி அக்கா. அது கதறுனது உனக்குக் கேக்கலையா? நான் என்ன வேணும்னா பண்ணேன்?"

கேட்டுச்சு. டாக்டரம்மா நம்பரை உன்ற போன்ல நானே போட்டுக் குடுத்தேன் இல்ல? கழுகுக்குக் கெடுதல் இல்லாத வலி மருந்து அவங்ககிட்ட இருக்குதுன்னு சொன்னேன் இல்ல? நான் காட்டுக்குப் போன நேரம் பாத்து அந்த ஊசிக்காரனைக் கூட்டிட்டு வந்திருக்கற. பாட்டிலைக் குப்பையில போட்டாத் தெரியும்னு கூரையில சொருகி வெச்சிருக்கற. இன்னிக்குக் காலையில எடுத்தேன்டா. அதே பாட்டில்.

"சரிக்கா, தப்புத்தான். இப்ப என்ன பண்ணச் சொல்ற? மாட்டைப் பாறைக்குக் கொண்டுபோறது நம்ம வழக்கம். பொதைச்சா ஊருல நாலு பேரு என்ன சொல்லுவான்? இந்தக் கல்லு மண்ணுல குழி எப்படி வெட்டறது?"

வழக்கமாம் வழக்கம்! வழக்கம் வெச்சவங்க மாட்டுக்கு ஊசி போட்டாங்களாடா? அவங்க செத்த மாட்டைப் போட்டாங்க. நீ வெசத்தைப் போடப் போற. குழி வெட்ட நோவுதுன்னு ஒரு குடும்பத்தையே கொல்லப் போற. நான் தெரியாமப் பண்ணேன், அதுக்கே எனக்கு இன்னும் தொண்டையில சோறு எறங்க மாட்டேங்குது. நீ தெரிஞ்சு பண்ணப் போறடா. நாளைக்கு உன்ற மவ ஆத்தோரம் நின்னுக்கிட்டு, அந்தக் குஞ்சு ஏம்ப்பா கத்துதுன்னு கேட்டா என்ன சொல்லுவ? சொல்லு, இப்பவே சொல்லு, அவ முழிச்சுட்டுத்தான் இருக்கறா.

டுபு டுபு டுபு டுபு. கேக்குதா அம்மிணி? டிராக்டர் வந்துருச்சு. உங்கப்பன் எந்திரிச்சுப் போறான். மாட்டுக்குக் கயிறு கட்டறதா இருந்தா நான் போயி அந்தச் சக்கரத்துக்கு முன்னாடி படுத்துக்குவேன். வெளையாட்டுக்குச் சொல்லல.

"அத்தை, அப்பா என்ன சொல்றாங்க?"

இரு. சித்தெ சும்மா இரு, எனக்கும் கேக்கோணும் இல்ல.

...டிராக்டர்காரனைத் திரும்பிப் போகச் சொல்றான். சொன்னானா? சொல்லிட்டான். தார்ப்பாயை எடுத்துச் செவலை மேல போடறான். ஓரத்துல கல்லு வைடா, காத்துல தூக்கிரும்! ஆங். இப்ப மாட்டுக் கட்டுத்தறிக்குப் பின்னால போறான்.

ணங்.

ணங். ணங்.

கடப்பாரை கல்லுல விழுகற சத்தம். நீ பயப்படாத. கேக்கறான் பாரு, "குழி எத்தனை அடி அக்கா?"ன்னு. ஆறு அடிடா! நாயி தோண்டக் கூடாது, பன்னி தோண்டக் கூடாது. பாறை வந்தாப் பாறையையும் ஒடை. நானும் வர்றேன்.

"அப்பா நல்லவங்களா அத்தை?"

இன்னிக்கு ஒரு குழி வெட்டறான். அதுக்காகத் தலையில தூக்கி வெச்சுக்கிட்டு ஆட முடியாது. அந்த ஊசிக்காரன் இந்நேரம் வேற எந்தக் கட்டுத்தறியில பாட்டிலை ஒடைச்சுட்டு இருக்கறானோ. நேத்து மேலத் தெருவுல காளியண்ணன் ஊட்டுக்குப் போனானாம், அதுக்கு மொத நாள் பெரிய தோட்டத்துப் பண்ணாடி ஊட்டுக்காம். அங்க ஒரு மாடு செத்தா அவங்க குழி வெட்டுவாங்களா?

கதைக்குச் சொல்ல இனி வாயில்ல, உனக்குக் கேக்க இனி காதில்ல. கண்ணை மூடித் தூங்கு சாமி. நான் மண்ணை வெட்டி மாட்டை மூடிட்டு, இதே கதையை அந்த ரெண்டு ஊட்டு வாசல்லயும் போயி நின்னு கத்தோணும்.